நாடா, தையல், சொந்தச் சதை

ஆமாம், அவளேதான். மூலைவீட்டில் பச்சைக் கேட்டு போட்டிருக்கிறாளே, என் வீட்டுக்காரரின் அண்ணன் பெண்டாட்டி, என் ஓரகத்தி. நேற்று சாயங்காலம் என் வாசலில் வந்து அரைமணி நேரம் நின்றாள். நான் உட்காரச் சொல்லவில்லை. நீ இந்தத் தெருவுக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது, உனக்கு முன்கதை தெரியாது. அந்த முருங்கைக்கீரையை இப்படித் தள்ளு, உருவிக்கொண்டே சொல்கிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துவிடு, நானும் சிரிப்பேன். இப்போது நான் எவ்வளவு வேண்டுமானாலும் சிரிக்கலாம். அதற்குத்தானே வயிற்றைக் கிழித்துத் தைத்து வைத்திருக்கிறது.

எங்கள் குடும்பத்து அம்மன் கோயில் கடையத்துப் பக்கம், வயலுக்கு நடுவில் இருக்கிறது. சித்திரையில் கொடைத் திருவிழா. மதியக் கொடைக்கு மேளம் ஏறி, சாமியாடுகிறவருக்கு அருள் வரப்போகிற நேரத்தில் பெண்கள் குலவை போடவேண்டும். முதலில் குலவையை எடுக்கிறவள் ஒருத்திதான். அவள் எடுத்தால்தான் மற்றவர்கள் சேருவார்கள். சந்நிதிக்கு நேர் முன்னால் அவள் நிற்பாள். சாமி முதல் திருநீறை அவள் நெற்றியில்தான் பூசும். அந்த இடம் என் மாமியாருடையது. கிழவி சாகும் முன்னால் மூத்த மருமகளைத் தாண்டி அதை எனக்குக் கொடுத்தாள். பாசத்தினால் இல்லை. அவளுக்கு யார் மேலும் பாசம் கிடையாது, நாய்க்குக்கூடப் பழையதை அளந்துதான் ஊற்றுவாள். என் குலவை ஒரே மூச்சில் நீளமாக நிற்கும், அவ்வளவுதான். மூத்தவள் குலவை, முட்டையிட்ட கோழி கத்துகிற மாதிரி இருக்கும். அதை மாமியார் எல்லோர் முன்னாலும் சொல்லியும் விட்டாள். அன்றைக்கு என் ஓரகத்தி முகம் போன போக்கை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு நிறைகிறது.

குலவையை நாக்கு வேலை என்று நினைக்காதே. நாக்கு சும்மா பக்கவாட்டில் ஆடும். காற்று அடிவயிற்றிலிருந்து எக்கிக்கொண்டு வரவேண்டும். என் அடிவயிறோ நான்கு பிள்ளை பெற்றது. நான்காவதுக்குத் தலை பெரியது. இப்போது போலீசில் இருக்கிறான், தொப்பி அளவு கிடைக்காமல் இன்னும் அலைகிறான். அந்தத் தலை வெளியே வரும்போதே கீழே ஏதோ தளர்ந்துவிட்டது. முதலில் தும்மினால் ஒரு சொட்டு. பிறகு செங்கோட்டை பஸ் பள்ளத்தில் இறங்கினால் ஒரு கரண்டி. கடைசியில் சிரிக்கவே பயம். பழைய சேலையைக் கிழித்து மடித்து வைத்துக்கொண்டு காலம் தள்ளினேன். என் வீட்டுக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. ஒருநாள் தன் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போய் மாட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். மாட்டு மூத்திரம் அவருக்கு மணக்கிறது, பார்த்துக்கொள்.

போன வருடக் கொடையில்தான் அது நடந்தது. நெருப்பு மாதிரி வெயில். மேளம் ஏறிவிட்டது. நான் குலவையை எடுத்தேன், நன்றாகத்தான் எடுத்தேன். சாமியாடுகிறவர் அரிவாளை ஓங்கிக்கொண்டு என்னை நோக்கி வருகிறார். இன்னும் கொஞ்சம் இழுப்போம் என்று எக்கினேன். மடித்து வைத்த துணியெல்லாம் எந்த மூலைக்கு? சிமிண்டுத் தரையில் ஓடி, படையல் இலை வரைக்கும் போய்விட்டது. யாருமே கவனித்திருக்க மாட்டார்கள், எண்ணெயும் இளநீரும் ஏற்கெனவே சிந்திக் கிடந்தது. என் ஓரகத்திதான் சேலையைத் தூக்கிக்கொண்டு பின்னால் குதித்தாள்.

"ஏட்டி, ஆத்தா சந்நிதில மோண்டுட்டியேட்டி!"

மேளம் நின்றுவிட்டது. ஆண்கள் தலையைத் திருப்பிக்கொண்டார்கள், பெண்கள் திருப்பிக்கொள்ளவில்லை. என்னைவிட்டே தரையைக் கழுவச் செய்தார்கள். சாணித் தண்ணீர், அப்புறம் மஞ்சள் தண்ணீர், அப்புறம் ஐயரைக் கூட்டிவந்து தீட்டுக் கழிக்கப் புண்ணியதானம். நான் குனிந்து கழுவும்போது குனிந்ததனால் இன்னும் கொஞ்சம் போயிற்று. அதையும் அவள் எல்லோருக்கும் காட்டினாள். அன்றைக்கே சந்நிதிக்கு முன்னால் அவள் போய் நின்றுகொண்டாள். முட்டையிட்ட கோழியின் குலவைக்குச் சாமி வந்தது. அதற்கென்ன, மேளக்காரர்கள் நல்ல மேளக்காரர்கள். திரும்பி வரும்போது வேனில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. தெருப் பிள்ளைகளுக்கு அவள் ஒரு பெயர் சொல்லிக் கொடுத்தாள், குற்றாலத்து அருவியை வைத்து, ஐந்தருவி ஆச்சி என்று. நான் பால் வாங்கப் போனால் ஐந்து விரலைக் காட்டிவிட்டு ஓடும். நல்ல பெயர்தான். நானாக இருந்தால் எனக்கே தோன்றியிருக்காது.

எனக்கு அந்த இடம் திரும்ப வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். பேரன் கல்யாணம், வீட்டுக்காரர் கட்டில், எல்லாம் அப்புறம். அடுத்த சித்திரையில் நான் சந்நிதி முன்னால் நிற்க வேண்டும், அவள் பின்னால் நிற்க வேண்டும்.

மருமகள்தான் தென்காசியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். என்மேல் இரக்கம் என்று நினைத்துவிடாதே. புது சோபா வாங்கியிருந்தாள். அங்கே ஒரு டாக்டரம்மா, என் கடைசி மகள் வயது. கட்டிலில் படுக்கவைத்து, மூத்திரப்பை நிறையத் தண்ணீர் ஏற்றி, இருமுங்கள் என்றார்கள். இருமினேன். ஒரு சொட்டும் வரவில்லை. பயத்தில் எல்லாம் இறுகிப் போயிருந்தது. இதோ இவ்வளவு தூரம் வந்து பொய்க்காரி ஆகப் போகிறேன் என்று எனக்கு ஆத்திரம் வந்தது. எழுந்து நின்று, கண்ணை மூடி, அம்மனை நினைத்து ஒரு குலவை எடுத்தேன். ஆஸ்பத்திரியே அதிர்ந்தது. வெளியே யாரோ பிரசவத்துக்கு உட்கார்ந்திருந்தவர்கள் பிள்ளை பிறந்துவிட்டது என்று எழுந்து வந்தார்களாம். டாக்டரம்மா செருப்பைக் கழற்றிக் கழுவப் போய்விட்டார். நர்சு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

உடனே கத்தி எடுக்கவில்லை. முதலில் மூன்று மாதம் பயிற்சி. மூத்திரத்தை அடக்குகிற மாதிரிக் கீழே சுருக்கிப் பிடித்து, எண்ணி விடவேண்டும். நான் தேங்காய் துருவும்போதும் செய்தேன், சாவு வீட்டில் உட்கார்ந்தும் செய்தேன். முகத்தை அப்படி வைத்துக்கொண்டதில், செத்தவர்மேல் எனக்கு ரொம்பப் பாசம் என்று பேசிக்கொண்டார்கள். தும்மலுக்கு நின்றது. குலவைக்கு நிற்கவில்லை.

அப்புறம்தான் டாக்டரம்மா படம் போட்டுக் காட்டினார். மூத்திரக் குழாய்க்கு அடியில் தாங்குகிற சதை தளர்ந்துவிட்டது, அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டும், வழி நாலு இருக்கிறது என்றார். ஒன்று, வலை மாதிரி நெய்த நாடாவைக் குழாய்க்கு அடியில் ஓட்டிவிடுவது. சின்ன வெட்டு, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம், ஆனால் சிலருக்கு அந்த நாடா உள்ளே உறுத்தும், வெளியே தலைநீட்டும், எடுப்பது பாடு. இரண்டு, நம் அடிவயிற்றிலிருந்தே ஒரு பட்டை சதை எடுத்து, பிள்ளைக்கு ஏணை கட்டுகிற மாதிரிக் கட்டுவது. வெளிப்பொருள் இல்லை, ஆனால் வெட்டு பெரியது, ஆறுகிறவரை மூத்திரம் போகச் சிரமம். மூன்று, பையின் கழுத்தைத் தூக்கி எலும்போரம் தையல் போடுவது. அது நன்றாக நிற்கும், ஆனால் பின்னாளில் சிலருக்கு வேறொரு பக்கம் இறங்கும். நாலு, ஊசி. மூத்திரப்பை வாயைச் சுற்றி மருந்தேற்றி உப்பவைப்பது. வெட்டே கிடையாது, ஆனால் திரும்பத் திரும்பப் போடவேண்டி வரும். யோசித்துச் சொல்லுங்கள் என்று அச்சடித்த தாள் ஒன்றைக் கையில் கொடுத்தார். மருமகள் அதைப் படித்துச் சொல்கிறேன் என்றாள். தாளில் எழுதினவன் குலவை போட்டானா என்று கேட்டேன். நான் புடவை வாங்குவதே கட்டியிருக்கிறவளைப் பார்த்துத்தான்.

நர்சிடம் கேட்டேன். அவளுக்கு வாய் சும்மா இருக்காது. ஒவ்வொரு வகைக்கும் ஒருத்தியைச் சொன்னாள். சொல்லக்கூடாதுதான், ஆனால் அவள் ஊர் என் அம்மா ஊர்.

முதலில் வடகரைக்குப் போனேன். தென்னந்தோப்பு வைத்திருக்கிற வீடு, தையல் போட்டவள். நான் யாரையும் நேராகக் கேட்க மாட்டேன். எனக்கு ஒரு சோதனை உண்டு. நல்ல கெட்ட கதையாக ஒன்றைச் சொல்வேன். சிரிப்பு வருவதற்கு ஒரு நொடி முன்னால் காலைப் பார்ப்பேன். ஒழுகுகிறவள் சிரிக்கும் முன்னால் காலைப் பின்னிக்கொள்வாள், எந்த ராஜகுமாரியாக இருந்தாலும். இவள் காலைப் பின்னவில்லை. சபாஷ் என்று நினைத்தேன். ஆனால் ஒரு பக்கமாகவே உட்கார்ந்திருந்தாள், மெத்தை போட்டு. தையல் போட்டு ஏழெட்டு வருடம் முன்பக்கம் நன்றாக நின்றதாம், அப்புறம் பின்பக்கச் சுவர் சரிந்து இறங்கிவிட்டதாம், இப்போது காலையில் வெளிக்குப் போவதே ஒரு மணி நேர வேலையாம். கழிப்பறையில் என்ன செய்யவேண்டியிருக்கிறது என்பதையும் சொன்னாள், கீரை உருவும்போது அதைச் சொல்லவேண்டாம். அவ்வளவு பெரிய தோப்பு, ஏசி போட்ட வீடு, அப்படி ஒரு பாடு. எனக்கு அன்றைக்கு முழுக்க மனசு லேசாக இருந்தது.

குற்றாலத்தில் ஒருத்தி சிப்ஸ் கடை வைத்திருக்கிறாள், ஊசி போட்டவள். அப்போது சீசன், சாரல் அடிக்கிறது, கடையில் கூட்டம். நான் கதை சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. பஸ்சில் வந்த கூட்டத்தைக் கூவிக் கூப்பிடும்போதே அவள் காலைப் பின்னிக்கொண்டாள். இரண்டு சீசன் நன்றாக இருந்ததாம். இன்னொரு தடவை வரச் சொன்னார்களாம், கடையை யார் பார்ப்பது என்று போகவில்லையாம். காலையில் அருவியில் நின்றுவிட்டு ஈரச் சேலையோடுதான் கடையைத் திறப்பாளாம். ஈரம் எதனால் என்று யாரும் கேட்கமாட்டார்கள் இல்லையா. கெட்டிக்காரி. எனக்கு ஒரு பொட்டலம் நேந்திரங்காய் சிப்ஸ் சும்மா கொடுத்தாள், யாரிடமும் சொல்லாதே என்று. நான் சொல்லவில்லை, இப்போதுதான் சொல்கிறேன்.

அச்சன்புதூரில் சொந்தச் சதை வைத்தவள். மளிகைக்கடைக்காரர் வீட்டம்மா, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். அங்கே கெட்ட கதை சொல்ல முடியுமா என்று பயந்துகொண்டே சொன்னேன். என்னைவிடப் பெரிய கதை ஒன்று அவள் சொன்னாள். காலை அகட்டி வைத்துக்கொண்டு, தொடையில் தட்டிச் சிரித்தாள். ஒரு சொட்டு இல்லை. ஆனால் முதல் ஒன்றரை மாதம் மூத்திரமே இறங்காமல், கண்ணாடியை வைத்துப் பார்த்துத் தானே குழாய் விட்டு எடுத்தாளாம், ஒரு நாளைக்கு நாலைந்து தடவை. இப்போதும் முன்னால் சாய்ந்து உட்கார்ந்து பொறுமையாக இருந்தால்தான் இறங்குமாம். ஜெபம் பண்ண நேரம் கிடைக்கிறது என்றாள்.

மிச்சம் நாடா. அதைப் பற்றிக் கேட்க மறுபடி நர்சிடம் போனேன். அவள் என்னை ஒருமாதிரி பார்த்தாள்.

"அதுக்கு ஏன் ஆச்சி ஊர் ஊரா அலையுதிய? ஒங்க வீட்டு மூத்தவங்கதான் ரெண்டு வருசத்துக்கு முன்ன நாடா வச்சிட்டுப் போனாவளே, ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியுமே என்று சொல்லிவிட்டேன். எண்ணிப் பார்த்தேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் மூட்டுவலிக்கு எண்ணெய் வைத்தியம் என்று கொல்லத்துக்குப் பக்கத்தில் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வந்தாள். நடை நன்றாகிவிட்டதே என்று நான்தான் புகழ்ந்தேன். அந்தப் பத்தில் இரண்டு நாள் இந்த ஆஸ்பத்திரி, மிச்ச நாள் அவள் மகள் வீடு. ஆக, அவளும் ஒழுகினவள். என் சேலை நனைவதைத் தொழுவத்து மாட்டுக்கும் முந்திக் கண்டுபிடித்தவள். மருந்து இருக்கும் இடம் தெரிந்தும், ஒரு வார்த்தை சொல்லாமல், என் வயிறு எப்போது அவிழும் என்று ஒரு கொடை பார்த்திருந்து, மறு கொடையில் குதித்திருக்கிறாள்.

எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். சிரிப்புதான் வந்தது. காலைப் பின்னிக்கொண்டு சிரித்தேன்.

டாக்டரம்மா சொன்னது, உங்களுக்கு நாடாவே போதும், சின்ன வெட்டு என்று. உள்ளபடி சொன்னால் என் ஓரகத்திக்கு அது நன்றாகத்தான் பிடித்திருக்கிறது. பத்தே நாளில் அடுப்படிக்கு வந்துவிட்டாள், உறுத்தலும் இல்லை ஒன்றும் இல்லை. ஆனால் அவள் போட்டதை நான் போடுவேனா? அவள் சிவப்புச் சேலை எடுத்தால் நான் அந்தக் கடைக்கே போகமாட்டேன். சதைதான் என்றேன். டாக்டரம்மா இரண்டு தடவை கேட்டார். மருமகள் தலையில் அடித்துக்கொண்டாள். ஐப்பசியில் வயிற்றைக் கிழித்தார்கள். ஒரு சாண் வெட்டு. இருமினால் பிளந்துவிடும் போல இருக்கும். அப்புறம் மூத்திரம் இறங்கவில்லை. இத்தனை வருடம் நில் என்றால் நிற்காதது, இப்போது வா என்றால் வரவில்லை. ஏழு வாரம் குழாய். எழுதப் படிக்கத் தெரியாத கைக்குக் கண்ணாடியில் பார்த்துக் குழாய் விடப் பழக்கினாள் அந்த நர்சு. வலியில் அம்மனைத் திட்டினேன், டாக்டரம்மாவைத் திட்டினேன், ஓரகத்தியைத் திட்டும்போது மட்டும் கொஞ்சம் இறங்கும். என் வீட்டுக்காரர் வாசலில் நின்று எட்டிப் பார்த்து, இன்னுமா என்று கேட்டுவிட்டுப் போவார்.

தைப் பொங்கலுக்குச் சரியாகிவிட்டது. கனம் தூக்காதே என்றதனால் வீட்டு வேலை எல்லாம் மருமகள் தலையில். அவள் சோபா இன்றைக்கும் புதுசாகத்தான் இருக்கிறது, அது போதும் அவளுக்கு. நான் யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. குடல் ஆபரேஷன் என்று சொல்லிவைத்தோம். பிள்ளைகள் ஐந்து விரலைக் காட்டினால் நானும் ஐந்து விரலைக் காட்டினேன்.

இந்தச் சித்திரைக் கொடை. அவள் பட்டுச்சேலை கட்டி, சந்நிதிக்கு நேர் முன்னால். நான் எல்லோருக்கும் பின்னால், செருப்புக் கிடக்கிற இடத்தில். மேளம் ஏறியது. கோழி முட்டையிட்டது. பெண்கள் சேர்ந்தார்கள். அவள் மூச்சு அறுகிற இடம் எனக்குத் தெரியும், இருபது வருடம் கேட்டிருக்கிறேன். அந்த இடத்தில் நான் எடுத்தேன். தழும்பு கயிறு மாதிரி இழுத்தது. இழுக்கட்டும் என்று எக்கினேன். கீழே காய்ந்த மண் மாதிரி இருந்தது. முன்னால் இருந்த பெண்கள் ஒவ்வொருவராகத் தங்கள் குலவையை விட்டுவிட்டு என்னுடையதில் சேர்ந்தார்கள். சாமியாடுகிறவர் திரும்பினார். வழி விட்டார்கள். நான் முன்னால் நடந்து போனேன், குலவையை விடாமல்.

திருநீற்றுத் தட்டை எடுக்க மேளம் கொஞ்சம் தணிகிற நேரம். அவள் என் முன்னால் கையை விரித்து மறித்தாள்.

"ஏட்டி ஐந்தருவி, அந்தால பின்னால போ. போன வருசம் கழுவுனது பத்தாதா ஒனக்கு?"

ஏழெட்டு மாதமாக வாயில் வைத்து மென்றுகொண்டிருந்ததை அப்போதுதான் துப்பினேன். கத்தவில்லை. எல்லோருக்கும் கேட்கிற அளவுக்கு மட்டும்.

"நான் என் சதைய அறுத்துக் கெட்டிக்கிட்டு வந்து நிக்கேன்க்கா. நீ கடையில வித்த நாடாவ உள்ள போட்டுக் கெட்டிக்கிட்டுதான இங்கன நிக்க? கொல்லத்து எண்ணெ வைத்தியம் எந்த ஆஸ்பத்திரில நடந்துச்சுன்னு நான் சொல்லட்டா, நீயே சொல்லுதியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதற்குள் அவள் புருஷன், என் மூத்த மைத்துனர், கூட்டத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து, என்னட்டி நாடா என்று கேட்டார். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. அவள் தானாகப் பின்னால் போனாள். திருநீறு என் நெற்றியில் விழுந்தது.

இப்போது அவளுக்கு வீட்டில் படாத பாடு. மைத்துனருக்கு இத்தனை வருடமாக ஒன்றும் தெரியாதாம். தன்னைக் கேட்காமல் எவன் முன்னால் படுத்தாய் என்கிறாராம். டாக்டர் பெண் என்று சொன்னாலும் நம்பவில்லை. பிளாஸ்டிக்கை உள்ளே வைத்தவள் கையால் சாமி விளக்கு ஏற்றக்கூடாது என்று சொல்லிவிட்டாராம். அவள் மருமகள்கள் இரண்டு பேரும் துணி காயப்போடும் கொடிக்கு நாடா வேண்டும், அத்தையிடம் கேள் என்று ஒருத்திக்கு ஒருத்தி கத்துகிறார்கள். இங்கே என் வீட்டு மாடிக்கே கேட்கிறது. நான் சில நாள் அதற்காகவே மாடிக்குப் போகிறேன்.

நேற்று அதனால்தான் வந்து நின்றாள். கொஞ்சம் மெலிந்திருந்தாள். கொடையில் கோபத்தில் சும்மா சொன்னேன், அப்படி ஒன்றும் கிடையாது என்று மைத்துனரிடம் ஒரு வார்த்தை நான் சொல்லவேண்டுமாம். நான் சொன்னால் நம்புவாராம். எனக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியவேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியை எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா நீயும் கெட்டிக்கிட்டு வந்து முன்னால நின்னிருப்பட்டி," என்றாள்.

அவ்வளவுதான். மழுப்பவில்லை, அழவில்லை. எனக்கு அவளை அந்த நிமிடம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. நானும் அதையேதான் செய்திருப்பேன். சரி, ஆடிக் கடைசி வெள்ளிக்குக் கோயிலில் கூழ் ஊற்றும்போது நீ என் பின்னால் நின்று மூன்று குலவை போடு, நான் எடுத்த பிறகு எடு, நான் நிறுத்தும் முன்னால் நிறுத்து, அப்புறம் சொல்கிறேன் என்றேன். தலையை ஆட்டினாள். போய்த் தன் பச்சைக் கேட்டை மெதுவாகச் சாத்தினாள், வழக்கமாக அறைவாள்.

வருவாள். மூன்றையும் போடுவாள். நான் மைத்துனரிடம் சொல்லமாட்டேன். எதற்குச் சொல்லவேண்டும்? நடந்தது நடந்ததுதானே. நீயும் இதை வெளியே விடாதே, அவள் வெள்ளிக்கிழமை வராமல் இருந்துவிடப் போகிறாள். எதிர்வீட்டுக்காரியிடம் மட்டும் காலையில் சொன்னேன், அவளிடம் சொன்னால்...

இரு, பைப்பில் காற்று வருகிற சத்தம் கேட்கிறதா? தண்ணீர் வந்துவிட்டது. இரண்டு நாளைக்கு ஒரு தடவைதான் விடுகிறான், குடத்தை வைக்கவேண்டும். அந்தக் கீரைக் காம்பை மட்டும் கோழிக்குப் போட்டுவிட்டுப் போ.